ஆர்வில் டெஸ்கி வந்தாச்சா?

"ஆர்வில் டெஸ்கி எங்கேன்னு மறுபடியும் கேக்குதுடா! யாருடா அவன்?"

மாரிட் கீபோர்டைக் கோபமாகத் தள்ளினாள். லினக்ஸ் கம்ப்யூட்டர் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் டாக்டர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு பூதாகரமான கணக்கு ஓட வேண்டும். அதை ஓட்ட, இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கணித சாஃப்ட்வேர் வேண்டும்.

"சோர்ஸ் கோடை எடுத்து நீயே கம்பைல் பண்ணி, ஓடற சாஃப்ட்வேரா மாத்திக்கயேன்" என்றான் பக்கத்து மேஜை டெஸ்மண்ட்.

"பண்ணாமலா இருந்தேன்? நாள் முழுக்க ஓடிட்டு, கடைசியில முடியலைன்னு கையை விரிக்குது. அதனாலதான் எவனோ ஒரு புண்ணியவான் கம்பைல் பண்ணி ரெடியா வெச்சிருக்கறதை இறக்கினேன். இது அதுக்கு மேல!"

டெஸ்மண்ட் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அந்தப் புண்ணியவான்தான் ஆர்வில் டெஸ்கி. தன் கம்ப்யூட்டர்ல, தன் பேர்ல இருந்த ஃபோல்டர்ல வெச்சுப் பண்ணியிருக்கான். அந்த விலாசம் உள்ளேயே ஒட்டிக்கிச்சு. எங்கே கொண்டுபோய் வெச்சாலும் அந்த ஃபோல்டரையே தேடுது."

"இப்ப நான் என்ன பண்றது?"

"அந்தப் பேர்ல ஒரு ஆளை உன் கம்ப்யூட்டர்ல சேர்த்துடு. தன் வீடுன்னு நினைச்சு சமத்தா உக்காந்துக்கும்."

சேர்த்தாள். சாஃப்ட்வேர் மறுபேச்சில்லாமல் எழுந்து கணக்கைப் போட ஆரம்பித்தது. மாரிட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வந்தது வினை. பல்கலைக்கழக நிர்வாகம் கம்ப்யூட்டரில் சேர்ந்த புது ஆளைக் கண்டுபிடித்து மெயில் அனுப்பியிருந்தது.

'அன்புள்ள ஆர்வில், நீங்கள் இன்னும் தீயணைப்புப் பயிற்சி எடுக்கவில்லை. புதன்கிழமை நேரில் வராவிட்டால் உங்கள் பெயர் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கப்படும்.'

"நீக்கினா கணக்கு பாதியில நின்னுடும். திரும்ப முதல்லேர்ந்து ஓட்ட நேரமில்லை. நான் தொலைஞ்சேன்! ஆர்வில்னு சொல்லிட்டு நீ போயிட்டு வாடா, ப்ளீஸ்."

"எனக்குப் பொய் சொன்னா விக்கல் வரும். நீயே போ."

"நான் பொண்ணுடா!"

"மினசோட்டா குளிர்ல எல்லாருக்கும் கண்ணு மட்டும்தான் வெளியே தெரியுது. ஆணா பொண்ணான்னு யாரு பாக்கப்போறா?"

புதன்கிழமை மாரிட் மூக்கு வரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு, டெஸ்மண்டின் கோட்டில் புகுந்துகொண்டு போனாள். பயிற்சி அறையில் ஹீட்டர் அனலைக் கக்கியது. ஆனால் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட மப்ளரைக் கழற்றவில்லை. அவளுக்கு இருந்த படபடப்பில் அது உறைக்கவில்லை.

கழுத்து வரை ஜிப் போட்ட தடித்த கோட்டும் கையில் சிவப்பு சிலிண்டருமாகப் பயிற்சியாளர் வந்தார். தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆர்வில் டெஸ்கி!"

மாரிட் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள். "வந்திருக்கேன்!"

"வந்திருக்கேன்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வந்திருக்கேன்!" என்றது பக்கத்திலிருந்து இன்னொன்று. இயற்பியல், வேதியியல், வானிலை என்று எல்லாத் துறை ஆராய்ச்சி மாணவர்களும் கையைத் தூக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் "வந்திருக்கேன்" என்றாள், ஆண் குரலில்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டின் ஜிப்பை மெதுவாக இறக்கினார். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் 'டாக்டர் ஆர்வில் டெஸ்கி' என்று இருந்தது.

"ஃபோல்டர் பேரை மாத்த மறந்தது என் தப்புதான், மன்னிச்சுக்கங்க. அதே சாஃப்ட்வேர்ல கணக்குப் போட்டுத்தான் நானும் டாக்டர் பட்டம் வாங்கினேன்" என்றார் அவர். "நீங்களும் வாங்கிட்டு வாங்க... பக்கத்து ஊர்ல தீயணைப்புப் பயிற்சி குடுக்க இன்னொரு ஆள் தேடறாங்க."