இன்னும் ஒரு சாண் தண்ணீர்

மறுபடியும் இடித்தது.

டிரெய்லரின் வலது சக்கரத்து மட்கார்டு ஷட்டர் சட்டத்தில் சிக்கி நின்றது. இடதுபக்க மட்கார்டு முன்பே நசுங்கியிருந்தது.

அவள் கார் ஷெட்டுக்குள்ளிருந்து தள்ளினாள். அவள் கணவர் துரைக்கண்ணு வாசல் சரிவில் நின்று இழுத்தார். அவளுக்கு முழங்கால்வரை தண்ணீர். அவருக்குத் தொடைவரை.

டிரெய்லர் அசையவில்லை. அதன்மேல் கட்டியிருந்த படகும்.

எதிர்வீட்டிலிருந்து ரிஹானாவின் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, சமையல் மேடை கிட்ட வந்துடுச்சு."

ரிஹானாவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆபரேஷன். கணவன் ஓசூருக்கு வேலைக்குப் போனவன், வழியெல்லாம் வெள்ளம், திரும்ப முடியவில்லை. ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர, அவர்கள் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. மாடி கிடையாது. ஏரித் தண்ணீர் ஒரே மூச்சில் தெருவுக்குள் வந்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல் மேடையில் ஏறினாள். அதோடு சரி.

துரைக்கண்ணு முதலில் நடந்தே போகப் பார்த்தார். நடுத்தெருவில் தண்ணீர் காலை வாரியது. மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு மதிலைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தார்.

அதன்பிறகுதான் படகு நினைவு வந்தது.

முந்தைய வெள்ளத்துக்குப் பிறகு வாங்கியது. தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒருநாள்கூடத் தண்ணீரில் இறங்காமல் டிரெய்லரிலேயே கிடந்தது. போன வருடம் ஷட்டர் போட்டபோது இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்தார்கள். டிரெய்லர் வெளியே போகுமா என்று யாரும் பார்க்கவில்லை.

அவர் கடப்பாரையை எடுத்துவந்து சட்டத்தில் அடித்தார். கான்கிரீட்டில் பதித்த சட்டம். கடப்பாரை வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. ரத்தம் சொட்டி, தண்ணீரில் பட்டதும் காணாமல் போனது.

"படக மட்டும் தூக்கிடலாங்க," என்றாள்.

தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேரால் ஆகிற காரியமாக இல்லை.

அவர் குனிந்து படகின் அடியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தண்ணி இன்னும் ஏறணும்."

அவளுக்குப் புரியவில்லை.

"இன்னும் ஒரு சாண். அப்ப படகு தானா மிதக்கும். டிரெய்லர் இல்லாம படகு மட்டும்னா வாசல்ல நுழைஞ்சிடும்."

"இன்னும் ஒரு சாண் ஏறினா அங்க என்னங்க ஆகும்?"

அவர் படகைக் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவிழ்த்து முடித்தார்கள்.

நின்றார்கள்.

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

காலையிலிருந்து அவள் மனசுக்குள் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தாள். வடியணும், வடியணும். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாற்றிச் சொல்லவும் வரவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி சுவரையே பார்த்தாள். சுண்ணாம்பில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, அடுப்பு முழுகிடுச்சு."

"எழுந்து நில்லும்மா. மேடை மேலயே நில்லு. தோ வந்துட்டோம்."

"தையல் வலிக்குது ஆன்ட்டி. நிக்க முடியல."

"சுவத்துல சாஞ்சுக்கோ. பாப்பாவத் தோள்ல போட்டுக்கோ. வந்துட்டோம்மா."

வரவில்லை. படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

தண்ணீர் அவள் தொடைக்கு வந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி மிதந்து வந்து அவள் இடுப்பில் முட்டியது. தள்ளிவிட்டாள். திரும்பவும் வந்து முட்டியது.

எதிர்வீட்டில் சத்தம் நின்றுபோனது.

"ரிஹானா," என்று கூப்பிட்டாள்.

மழைதான் கேட்டது.

"ரிஹானா."

அப்போது அவள் கைக்குக் கீழே படகு அசைந்தது. தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல, மெதுவாக. முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் டிரெய்லரை உரசி விடுபட்டது.

"தள்ளு," என்றார்.

தள்ளினாள். படகு இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டு ஷட்டரைத் தாண்டியது.

அவர் நீளமான நைலான் கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டினார். மறுமுனையை ஷட்டர் சட்டத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா விடு. ரெண்டு தடவ வெட்டி இழுப்பேன். அப்ப நீ இழு."

ஏறி உட்கார்ந்தார். துடுப்பு போட்டுப் பழக்கமில்லாதவர். தண்ணீர் படகைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போனது. கயிறு அவள் உள்ளங்கையை எரித்துக்கொண்டு ஓடியது. அவர் எப்படியோ எதிர்வீட்டுக் கேட்டைப் பிடித்துவிட்டார். திறந்து கிடந்த கேட்டுக்குள் படகு நுழைந்து, மதில் மறைவில் போய்விட்டது.

அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

கயிறு அப்படியே கிடந்தது. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது.

"என்னங்க."

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"என்னங்க, சத்தம் குடுங்க."

கயிற்றைத் தானே இழுத்துவிடலாமா என்று தோன்றியது. இழுத்தால் அவர் படகில் இல்லாமல் இருந்தால்? இழுக்காமல் நின்றால்? கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

கயிறு வெட்டி இழுத்தது.

ஒருமுறை. அசையாமல் நின்றாள்.

இன்னொரு முறை.

இழுத்தாள். கயிறு விறைத்தது. படகு வர மறுத்தது. அவர் தனியாகப் போனபோது அவள் கையில் இருந்ததைவிடக் கூடுதல் கனம் இது.

சுவரில் காலை ஊன்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதபடி, இன்னும் பலமாக இழுத்தாள்.