பார்க்காத மாதிரி

“தட்டுல வச்ச சாப்பாட்டை ஏன்ப்பா குப்பையில கொட்டினாங்க?”

நிறைமதி அதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவள் அப்பாவுக்கு வேலை போயிருந்த குளிர்காலம் அது. மகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டிவைக்கும் கணக்கு காலியானதை அவன் கவனிக்கவில்லை. கணக்கு காலி என்றால், பிள்ளையின் கையிலிருக்கும் சூடான தட்டை வாங்கிக் கொட்டிவிட்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளியின் விதி அது.



மறுநாள் அவள் வேறொரு சேதியோடு வந்தாள்.

“இன்னிக்குக் கொட்டலைப்பா. அங்க பரிமாறுற ஆன்ட்டி என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாங்க. ‘போய் உக்காரு, ஹனி’ன்னு மட்டும் சொன்னாங்க.”

அவனுக்கு மறுபடி வேலை கிடைக்கும்வரை அந்த ஆன்ட்டி பார்க்காத மாதிரியே இருந்தார்.

நேரில் போய் நன்றி சொல்ல நினைத்தான். சொன்னால் நாலு பேர் காதில் விழும். போகவில்லை. பெயரைக்கூட விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து மதியம் டிபன் பாக்ஸைத் திறக்குமுன் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வான்.

முருகா, அந்த அம்மா நல்லா இருக்கணும்.

அவ்வளவுதான் வேண்டுதல்.

*

நிறைமதி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவன் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் உண்மை சரிபார்ப்பவன்.

நிருபர்கள் மாதக்கணக்கில் ஓர் ஊரில் தங்கி நீண்ட கட்டுரை எழுதுவார்கள். அச்சுக்குப் போகுமுன், கட்டுரையில் வருகிறவர்களை அவன் தொலைபேசியில் கூப்பிட்டு வரி வரியாகக் கேட்பான். ‘ஆமாம்’ வந்தால் சரி என்பதற்கு அந்த வரியின்மேல் பென்சிலால் ஒரு கோடு. ஆமாமும் வராமல் வேறு சாட்சியும் இல்லாத வரி அச்சேறாது.

கேட்கும்போது குரல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. அவன் ஒருநாளும் சாய்ந்ததில்லை.

இன்று வெர்னா. நெப்ராஸ்கா மாநிலத்தில், அவன் பார்த்தேயிராத ஒரு சிற்றூர்ப் பள்ளியின் உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர்.

“உங்க சமையலறைத் திரைச்சீலை மஞ்சள் நிறமா?”

“ஆமாம்.”

“அதுல சேவல் படம்...”

“ஆமாம், ஆமாம்! அடப்பாவமே, சேவலைக்கூட விடலையா?”

கேள்வி முடியுமுன்னே ஆமாம் சொல்லிவிடுகிறவர் அவர். நாயின் பெயர் பிஸ்கட்தானா என்று கேட்டதற்கு, நாயையே கூப்பிட்டுக் குரைக்கவைத்தார்.

“எங்க பள்ளிக் கண்காணிப்பாளர் இந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டப் போறாராம். ஒரு வரி விடாம படிப்பேன்னு வேற சொல்லியிருக்கார்.”

அவன் அடுத்த வரியைப் பார்த்தான்.

கணக்கு காலியான பிள்ளைகளின் தட்டுகளைக் கொட்டச் சொல்கிறது விதி. வெர்னா கொட்டுவதில்லை, மேலிடத்துக்குத் தெரியாமல் அப்படியே அனுப்பிவிடுகிறார்.

நிருபர் அதைப் புகழ்ச்சியாகத்தான் எழுதியிருந்தார். வெர்னா பேச்சுவாக்கில் சொன்னது. வேறு சாட்சி இல்லை.

உண்மை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அச்சில் வந்தால் வெர்னாவின் வேலை போகும். தட்டுகள் குப்பைக்குப் போகும்.

கேட்டால் ஆமாம் என்பார். பாதிக் கேள்வியிலேயே.

“அடுத்து என்ன, ஹனி?”

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

“அடுத்த கேள்விக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு இல்லைம்மா. நான் முழுசா வாசிச்சிடறேன். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க கண்காணிப்பாளர் படிப்பார்னு சொன்னீங்களே... அதான்.”

பிறகு வாசித்தான். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வாசிக்கிற குரல் மட்டும் தன்னுடையது மாதிரி இல்லை.

அந்தப் பக்கம் ஆமாம் வரவில்லை.

நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. கிண்ணம் தரையில் கொஞ்சம் நகர்ந்தது.

அவன் காத்திருந்தான்.

“நீ சாப்பிட்டியா, ஹனி?” என்றார் வெர்னா.

“இன்னும் இல்லைம்மா.”

“மணி என்ன ஆகுது! போய்ச் சாப்பிடு.”

வரியின் ஓரத்தில் அவன் எழுதினான்: உறுதியாகவில்லை.

அதில் பொய் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தான். இல்லை.

பத்திரிகை ஆசிரியர் கிரேஸ் தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “கட்டுரையிலேயே நல்ல வரி இதுதானேப்பா. ஏன், என்ன சொன்னாங்க அவங்க?”

“சாப்பிடச் சொன்னாங்க.”

அவள் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தாள்.

திருத்திய பக்கம் திரையில் வந்தது. மேல்வரியும் கீழ்வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று இருந்த தடமே இல்லை.

அவன் தன் மேசைக்குப் போய் டிபன் பாக்ஸை எடுத்து வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

இன்று திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.