துண்டு போட்ட இடம்

தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் வண்டி நிற்பதற்கு முன்பே முகம்மது மீரான் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டார்.

எண்பத்தைந்தாம் வருஷம், நல்ல சாரல். அருவிக்குப் போகிற கூட்டம் படிக்கட்டில் தேனடையாக அப்பியிருந்தது.

துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு. அதில் வேறொருத்தன் உட்கார்ந்தால் மீரான் விடமாட்டார். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறவர் வாய். மங்குஸ்தான் விலையைக் குறைக்க வந்தவன், கேட்டதற்கு மேலே கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிப் போவான்.

அந்த வாய்தான் கொஞ்சம் முன்னால் டாக்டர் அறையில் ஓய்ந்துபோனது.

மனைவி ஹாஜரா பீவியை வெளியே பெஞ்சில் இருத்திவிட்டு, டாக்டர் இவரிடம் மட்டும் சொன்னார். உடம்பின் செல்களில் இருக்கைகள் உண்டாம். வளரச் சொல்லும் புரதம் வந்து அதில் உட்கார்ந்தால் செல் வளருமாம். ஹாஜராவின் மார்பில் இருக்கிற கட்டி, அதே சாயலில் ஒரு புரதத்தைத் தானே செய்து உட்காரவைக்கிறது. உடம்பு அனுப்புகிற புரதம் வந்து பார்த்தால் இடமில்லை. ஒன்று எழுந்தால் கட்டியின் அடுத்த ஆள் தயார். கத்தி வைக்கிற கட்டமும் தாண்டி, எலும்பு வரை போய்விட்டது.

மீரானுக்கு வியாபாரம் புரிந்துவிட்டது. சரக்கு வாசலிலேயே விளைகிறது. லாரி வாடகை இல்லை, கமிஷன் இல்லை. அப்படியொரு வியாபாரியோடு எவன் போட்டி போட முடியும்?

ஆனாலும் கேட்டுப் பார்த்தார். “நம்ம ஆளு ஒருத்தன முந்தி உக்கார வச்சிர முடியாதா டாக்டர்?”

அப்படியொரு மருந்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வர வருஷங்கள் ஆகுமாம்.

விலையே சொல்லாதவனிடம் என்ன பேரம் பேசுவது?

வெளியே வந்து ஹாஜராவிடம், வெறும் நீர்க்கட்டிதான், மாத்திரையில் கரைந்துவிடும் என்றார். அடிபட்ட பழத்தைக் கூடைக்கு அடியில் தள்ளி விற்கும்போது வைத்திருக்கிற அதே முகம். அவளும் தலையாட்டினாள்.

இப்போது அவளை முன்னால் விட்டு, முழங்கையால் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஜன்னலோரம் துண்டு கிடந்தது. அதை ஒட்டி ஒருத்தன், தலையில் எண்ணெய் வழிய, சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

மீரான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “அண்ணாச்சி, ஒம்ம துண்டு மேல நான் கை வைக்கலையே.”

உண்மைதான்.

கல்யாணமான நாளிலிருந்து மீரான் துண்டை உதறி விரித்துத்தான் வீசுவார், இரண்டு பேருக்கும் சேர்த்து. இன்று அது நாலாக மடிந்து கிடந்தது.

உட்காரச் சொல்லி ஹாஜராவுக்குக் கையைக் காட்டினார்.

அவள் துண்டைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். நீர்க்கட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேல்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இரிங்க. ஒத்த ஆளுக்குத்தான போட்டிருக்கிய.”