இன்றைக்கு எழுத வேண்டியவள்

சிற்றாலயப் படியில் காலை வெயில் விழுகிறது. நோயில் கிடந்த வகுப்புத்தோழிக்கு இந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு மாதமாக முறை வைத்துப் பாடம் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிச் சேவைக் குழுவின் வேலை. நேற்று அவளை அடக்கம் செய்து மண்ணும் தள்ளியாயிற்று. இருந்தும் நெட்டைப் பெண் ஒருத்தி முழங்காலில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். “லூசு, யாருக்குடி எழுதுற?” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. “இன்னைக்கு என் முறைடி.” மகளின் சீருடைகளை, வேறு பிள்ளைகளுக்கு உதவட்டுமென்று உள்ளே பள்ளி சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, வெறும் பையோடு இறந்தவளின் அம்மா வெளியே வருகிறாள். நெட்டைப் பெண் சட்டென்று எழுந்து, தினமும் அவளிடம் கொடுத்தனுப்பிய பழக்கதோஷத்தில், நோட்டை நீட்டிவிடுகிறாள். நீட்டிய கையை மடக்கத் தெரியவில்லை. அம்மா அதை வாங்கி, மை காயாத கடைசி வரியை ஊதி, பைக்குள் வைக்கிறாள். “நாளைக்கு யாரும்மா முறை?” என்று கேட்கிறாள். பள்ளி மணி அடித்து ஓய்கிறது. கண்ணாடிக்காரி மெதுவாகக் கையைத் தூக்குகிறாள்.