மூன்றாவது கையெழுத்து

“ஒரு உயிர் போயிடும் ஆர்வில்! நீங்க என்னடான்னா பேனாவை எடுத்து நீட்டறீங்க!”

டாக்டர் கிரெட்டா மேஜையைத் தட்டிய தட்டில் காபிக் கோப்பை ஓர் அங்குலம் நகர்ந்தது. ஆர்வில் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். அந்த இதய ஆராய்ச்சி நிலையத்தில் தகவல் காப்பாளர் வேலை அவருக்கு. ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்த ஆறாயிரம் பேரின் பெயர்ப் பட்டியல் அவருடைய கணினிக்குள் பூட்டிக் கிடந்தது.

ரத்தம் கொடுத்தவர்களிடம் அவரவர் எண் எழுதிய அட்டை இருக்கும். ஆராய்ச்சி செய்பவர்களுக்கோ எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் யாருடையது என்பது அந்தப் பட்டியலுக்குத்தான் வெளிச்சம்.

“4417,” என்றாள் கிரெட்டா. “இதயத்துல பிறவிக் கோளாறு. பார்த்தா நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கும். மூச்சு வாங்கற மாதிரி எதையாவது செஞ்சா நின்ன இடத்துலயே முடிஞ்சுடும். மாத்திரை போட்டா தொண்ணூறு வயசு வரைக்கும் கவலையில்லை. பேரைச் சொல்லுங்க.”

ஆர்வில் ஒரு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு பக்க அனுமதிப் பாரம் ஒன்றை எடுத்தார்.

“பேரை வெளியே விட மூணு கையெழுத்து வேணும் டாக்டர். இயக்குநர், நெறிமுறைக் குழுத் தலைவர், பொதுமக்கள் சார்புல ஒருத்தர்.”

“உங்க கூடப்பிறந்த தம்பியா இருந்தாலும் இப்படித்தான் கல்லு மாதிரி இருப்பீங்களா?”

“யாரா இருந்தாலும் இதே பாரம்தான்.”

இந்த மனுஷனிடம் கத்துவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. கிரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தை நிரப்பினாள்.

இயக்குநர் அறை மூன்றாவது மாடியில். பதினெட்டு வருடமாகப் படியேறியே பழகிய ஆர்வில், அன்று பார்த்து லிஃப்டுக்குக் காத்து நின்றார். அந்த லிஃப்ட் ஆமையோடு பந்தயம் வைத்தாலும் தோற்கும். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று கிரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தாவித் தாவிப் படியேறி, மேலே போய்க் காலைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பக்கத்து அறையிலிருந்த குழுத் தலைவர் மூக்கைச் சொறிந்தார்.

“இதைத் தெரிஞ்சுக்க அவருக்கு விருப்பம் உண்டான்னு 4417-ஐக் கேட்டீங்களா?”

“கேக்கறதுக்குத்தான் சார் பேரு வேணும்!”

தலைவர் யோசித்துப் பார்த்து, அதுவும் நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஆள் லவெர்ன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், எழுபது வயது. ஜனவரி பிறந்துவிட்டால் உறைந்த ஏரிமேல் குடில் போட்டு மீன் பிடித்தபடி அங்கேதான் குடியிருப்பு. மீனுக்குச் சத்தம் ஆகாது என்று போனையும் அணைத்துவிடுவாள்.

“வாங்க, என் கார்லயே போயிடலாம்.”

“நீங்க போயிட்டு வாங்க டாக்டர். நான் இங்கேயே இருக்கேன்.”

“நல்லா இருங்க! சௌக்கியமா இருங்க!” கிரெட்டா கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

ஏரிக்கு மேலேயே காரை ஓட்டிப்போய், எட்டு மீன்குடில்களின் கதவைத் தட்டி, ஒன்பதாவதில் லவெர்னைப் பிடித்தாள். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளைத்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா அந்த 4417?”

“தெரியாது.”

“யாருன்னே தெரியாத ஆளுக்காகவா இந்தக் குளிர்ல வந்து நடுங்கறே?”

“ஆமா. சீக்கிரம் போடுங்க.” சொல்லும்போதே கிரெட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது.

லவெர்ன் இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். தூண்டில் இரண்டு முறை இழுபட்டதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. கிரெட்டா கொண்டுவந்த பேனாவில் மை உறைந்திருந்ததால், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையெழுத்திட்டாள்.

கிரெட்டா திரும்பி வந்தபோது மணி ஒன்று. ஆர்வில் விட்ட இடத்திலேயே இருந்தார். பாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பென்சில்.”

“மை உறைஞ்சுபோச்சு. இது செல்லாதுன்னு மட்டும் சொன்னீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்!”

“செல்லும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனா பென்சிலும் செல்லும்னு விதி இருக்கு. நான் எழுதினதுதான்.”

முத்திரை குத்தினார். தேதியும் நேரமும் எழுதினார். நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார். கணினியை மட்டும் திறக்கவே இல்லை.

கிரெட்டா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பேரும் போன் நம்பரும் சொல்லுங்க ஆர்வில். இப்பவே கூப்பிடறேன். ஆள் உயிரோட இருக்காங்களோ என்னமோ!”

ஆர்வில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

“போன் எதுக்கு டாக்டர்? எதிர்லதானே உக்காந்திருக்கேன்.”