நூல் பிடித்த மாதிரி

யாரைக் கண்டாலும் கத்தி ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக் குருவி ஒன்று, ஓடுபாதை ஓரப் புல்லில் நாலு முட்டை இட்டிருந்தது. பக்கக்காற்று பலமாக அடித்த ஒரு காலையில், அது அலகைக் காற்றின் பக்கம் திருப்பி, ஒரு சிறகைச் சாய்த்து, ஒற்றைக் காலை முதலில் ஊன்றி இறங்கியது.

புதிதாகப் பறக்கக் கற்ற குட்டி விமானத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னக்கா, கள்ளு குடிச்ச மாதிரி இறங்குறீங்க?”

“காத்து கோணலா அடிக்குதே தம்பி, நான் மட்டும் நேரா வந்து என்ன பண்ண?”

“நான் வர்றதைப் பாருங்க. நூல் பிடிச்ச மாதிரி வருவேன்!”

மதியம் காற்று விட்டு விட்டு வீசியது. கொட்டகையில் நின்ற பெரிய விமானங்கள் பார்க்கின்றனவே என்று, குட்டி விமானம் மூக்கை நேராகவே வைத்துக்கொண்டு இறங்கியது. சக்கரம் தரையைத் தொடும்போது காற்றின் ஒரு வீச்சு அதைப் பக்கவாட்டில் தள்ளியது. விமானம் இரண்டு தடவை துள்ளி, பாதையை விட்டு விலகி, முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

பதறிப் பறந்த ஆள்காட்டி திரும்பி வந்தது. நாலு முட்டையும் இருக்கிறதா என்று பார்த்தது. அவற்றின் மேல் மெல்ல உட்கார்ந்தது.

“என்னைத் திட்டியாவது கத்திடுங்கக்கா,” என்று கெஞ்சியது விமானம்.

ஆள்காட்டி வாயைத் திறக்கவே இல்லை.