மூன்றாவது கியர்

அண்ணன் இடது காலைக் கிளட்ச்சின் மேல் வைத்தான்.

பக்கத்து இருக்கையில் தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிதிப்பது பெரிய காரியமில்லை. தொடையில் வலு இருந்தால் போதும். மெல்ல எடுப்பதுதான் பாடு. அதற்குப் பாதம் சொன்னபடி கேட்க வேண்டும்.

கால் முழுவதும் இறங்கியது. அண்ணன் கியரை முன்னால் தள்ளினான். முதல் கியர் விழுந்தது.

பிறகு காலை எடுத்தான்.

வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது.

பட்டறை வாசலில் நின்ற பாக்கு மரங்களின் நிழல் பானெட்டின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவளைவிட வயதில் மூத்தது. அண்ணன் அதைத் தேடிப் பிடித்து வாங்கியதற்கு ஒரே காரணம்தான். அப்போது அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. இடது கால் சும்மா கிடந்தாலும் ஓட்டலாம்.

அதற்கு முன்பு அவன் ரேலி பந்தயங்களில் கார் ஓட்டியவன். அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால், கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு பயிற்சி ஓட்டம். முந்தின நாள் மழை. ஸ்டீயரிங்கில் அவள். பக்கத்தில் உட்கார்ந்து திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான் அவன். ஒரு வளைவில் வண்டி வழுக்கி, இடப்பக்கமாகப் போய்ப் பாறையில் அடித்தது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு போயிற்று. பாதம் ஈரத்துணிபோலத் தொங்கியது.

அதைப் பற்றி அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சேலை எடுத்துக் கொடுத்தான். மேட்டுப்பாளையத்தில் அவள் பட்டறை போட்டபோது முதல் வண்டியாகத் தன்னுடையதையே கொண்டுவந்து விட்டான். அந்தத் திருப்பத்தை மட்டும் அவன் பேச்சு தொடவே இல்லை.

திட்டியிருந்தால் தேவலை என்று அவள் பல தடவை நினைத்திருக்கிறாள்.

போன வருடம் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வேலை செய்யும் தசைநார் ஒன்றை இடம் மாற்றித் தைத்தார்கள். பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. சித்திரையில் ஒருநாள் காலையில் அண்ணன் காரோடு பட்டறைக்கு வந்தான்.

“இதுக்கு கியர் வெச்சுக் குடு அம்மிணி.”

ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, கிளட்ச் மிதித்து மாற்றும் கியர்.

நான்கு மாதம் ஆயிற்று. இதே மாடல் கார் ஒன்று புனேயில் உடைப்புக்குப் போனது தெரிந்து, அதன் கியர்பாக்ஸை வரவழைத்தாள். அகலமான பிரேக் பெடலைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் கிளட்ச்சுக்கு இடம் செய்தாள். கியர் கம்பி மேலே வர, தரைத்தகட்டை அறுத்தாள். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை நாலு விரற்கடை குறைத்து, லேத்தில் கொடுத்து, அதிராமல் சுற்றுகிறதா என்று மூன்று முறை பார்த்தாள்.

கிளட்ச்சை மட்டும் இருக்கவேண்டியதைவிட இலகுவாக வைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

அண்ணன் மறுபடியும் சாவியைத் திருகினான். மறுபடியும் நின்றது.

அவன் நெற்றி வியர்த்திருந்தது. அவள் கை தானாக ஹேண்ட்பிரேக் பக்கம் போயிற்று. பாதி வழியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை, அவன் குனிந்து தன் காலையே பார்த்தபடி எடுத்தான். குதிகால் தரையில். பாதம் மட்டும், ஒரு நூலளவு, இன்னொரு நூலளவு என்று எழுந்தது.

வண்டி நகர்ந்தது.

பாக்கு மரங்களைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தது. இரண்டு. மூன்று. அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“கிளட்ச்சு ரொம்ப லேசா இருக்குதே.”

“இந்த மாடலே அப்பிடித்தானுங்ண்ணா.”

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவான் என்று நினைத்திருந்தாள். அவன் கோத்தகிரி மலைப்பக்கம் திருப்பினான். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இடது கால் இறங்கி ஏறியது. இப்போது அவன் அதைப் பார்க்கவே இல்லை.

குஞ்சப்பனை ஊரைத் தாண்டியதும் கேட்டான்.

“அன்னிக்கு நீ எந்த கியர்ல இருந்த?”

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“மூணுலதானுங்ண்ணா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு லாரி எதிரே வந்து கடந்தது. பலா மரங்கள் கொஞ்சம் போயின.

“நானா இருந்தாலும் மூணுலதான் போயிருப்பேன்.”

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். முகத்தை வெளியே நீட்டி, வந்த காற்றை வாய் நிறைய வாங்கினாள். கண்ணில் நீர் வந்தது. காற்றால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வளைவு வந்தது. அந்தப் பாறைக்கு இப்போது வெள்ளையடித்திருந்தார்கள்.

அண்ணன் கிளட்ச்சை மிதித்தான். மூன்றிலிருந்து கியரை இரண்டுக்கு இழுத்தான். வண்டி தணிந்து, நிதானமாகத் திரும்பி மேலே ஏறியது.

அவன் இரண்டுக்கு மாற்றியதை அவள் பார்த்தாள்.

பார்க்காதவள்போல வெளியே திரும்பிக்கொண்டாள். அந்த வளைவுக்கு மேலே அவள் எட்டு வருடமாக வந்ததில்லை.

“மேல போயி ஒரு டீ குடிக்கலாமுங்ளாண்ணா?” என்றாள்.